வெளுக்காத படம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஞாபகமும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்ல வந்தால் வேறொன்று முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. நாலு பேர் கூடினால் நான் பின்னால் போய் நிற்கிறவள். எங்கள் தாமான் குடியிருப்பில் வாசகர் வட்டம் நடத்தும் பெண்கள், பேச வேண்டாம், பிடித்த ஒன்றைப் பற்றி எழுதிக் கொடுங்கள், புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்குப் பிடித்தது படம். சினிமாப் படம் இல்லை. பேப்பரிலும் பத்திரிகையிலும் வருமே, அந்தப் புகைப்படம். அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் சந்தோஷத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. சரி, எரிச்சலோடேயே எழுதுகிறேன்.

செனாய் விமான நிலையத்தில் நான் பல வருடம் துப்புரவு வேலை பார்த்தேன். பயணிகள் இறங்கியதும் நாங்கள் விமானத்துக்குள் ஏறுவோம். இருக்கைக்கு எதிரே உள்ள பையில் என்ன கிடந்தாலும் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். கச்சான் கடலைத் தோல், பிள்ளைகளின் ஒற்றைக் காலுறை, கடித்து வைத்த ரொட்டி. அவற்றோடு பேப்பரும் பத்திரிகையும் இருக்கும். யார் யாரோ எங்கெங்கோ வாங்கி, பாதி படித்துவிட்டுப் போனவை. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டக்கூட வராது. அதனால் படத்தை மட்டும் பார்ப்பேன். மனதுக்குப் பிடித்த பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். குப்பைதானே என்று சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே வைப்பேன், மடிப்பு நேராகட்டும் என்று. படுத்தால் சரசரவென்று சத்தம் வருகிறது, எலி வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலியே இருந்திருக்கலாம் லா" என்றார்.

ஒரு படத்தில் வெள்ளம். கழுத்தளவு தண்ணீரில் ஒருவர் நடந்து வருகிறார். தலையில் தையல் மெஷின். இன்னொன்றில் இடிந்துபோன வீடு. பாதிச் சுவர்தான் நிற்கிறது. அந்தச் சுவரில் ஆணியடித்து, கண்ணாடி மாட்டி, ஒரு கிழவர் முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். இன்னொன்றில் உப்பு அள்ளுகிற பெண்கள், வரிசையில் நிற்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. எந்த நாடு, என்ன சண்டை, ஒன்றும் எனக்குத் தெரியாது. கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம்.

ஆனால் ஒன்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிடிபட்டது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதை எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று யோசிப்பேன். தையல் மெஷின்காரர் கழுத்தளவு தண்ணீரில் வருகிறார் என்றால் எடுத்தவரும் தண்ணீரில்தான் நின்றிருக்க வேண்டும். சவரம் செய்கிற கிழவர் திரும்பியே பார்க்கவில்லை என்றால், எடுத்தவர் அங்கே வெகு நேரமாக இருந்து அவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். கோபமும் வரும். ஒரு பிள்ளை உதடு வெடித்து உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து, தண்ணீர் கொடுக்காமல் படமா எடுத்தாய் என்று அந்த முகம் தெரியாத ஆளை நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன். பக்கத்து வரிசையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திட்டிவிட்டு அந்தப் பக்கத்தையும் கிழித்துத்தான் கொண்டு வந்தேன். அவர் எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை அங்கே இருந்தது எனக்கெப்படித் தெரியும்?

அவற்றில் ஒரு கறுப்பினப் பெண்ணின் படம் உண்டு. ஒரு வீட்டு வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள். இடுப்பில் பேசின் பாத்திரம். ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம். சிரிக்கவில்லை, அழவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய கருப்பு நிறத்தை அந்தப் படம் கருப்பாகவே விட்டிருந்தது. அப்படி விட்டதால்தான் கன்னத்து வெளிச்சம் தெரிந்தது. நம் ஆட்களின் கல்யாணப் படங்களையெல்லாம் மாவில் புரட்டி எடுத்தது போலப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு கருத்த முகத்தை இப்படியும் எடுக்கலாமா என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கும் அப்படி ஒன்று எடுக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு வந்ததுதான்.

வேலையை விட்ட பிறகு மகள் பழைய கைத்தொலைபேசி ஒன்றைக் கொடுத்தாள். அதில் எடுக்க ஆரம்பித்தேன். அப்போது ஆரம்பித்ததுதான் இந்த எரிச்சல். நம் ஆட்கள் யாரையும் இருக்கிறபடி எடுக்க முடியாது. எதிர் வீட்டம்மா கால் மடக்கி உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பார். கை முழுக்க மாவு, நெற்றியில் வேர்வை, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். கைத்தொலைபேசியைத் தூக்கினேனோ இல்லையோ, "இரு இரு" என்று உள்ளே ஓடி, சேலை மாற்றி, சங்கிலி போட்டு, மாவில்லாத வெறும் முறுக்குக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். கோயிலில் அன்னதானம். சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். தட்டேந்தி நிற்கிற ஆளும் திரும்பிச் சிரிக்கிறார். சாம்பார் சொட்டுகிறது. எடுத்து முடிக்கிறவரை யாரும் சாப்பிட மாட்டார்கள். பரிசு கொடுக்கிற இடமென்றால் கேட்கவே வேண்டாம். கொடுத்து முடித்ததைத் திரும்ப வாங்கி, இன்னொரு தடவை கொடுப்பார்கள், படத்துக்காக.

ஒரு நாள் மழைக்கு முன்னால், பின் சந்தில் காற்றடித்து ஒரு கொடி நிறைய கம்பெனி யூனிஃபார்ம்கள் ஆட்கள் போலவே உப்பி நின்றன. எடுத்து எங்கள் தாமான் பெண்கள் குழுவில் போட்டேன். எல்லாரும் காலையில் ரோஜாப் பூவும் வணக்கமும் போடுகிற குழு அது. பிறகு ஒருவர், யார் வீட்டில் துக்கம் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். துக்கமில்லை, துணிதான் என்று எழுதி அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

இனி என் தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத வந்ததே அவளுக்காகத்தான். தங்கையும் மகளும் கூலாயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிறார்கள். தங்கை வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. மகள் செனாயில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறாள். முப்பத்தைந்தைத் தாண்டியவள். நல்ல கருப்பு, எங்கள் அப்பாவின் நிறம். கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்கிறவளும் இல்லை. தனக்கென்று ஒருவர் வேண்டும் என்று என்னிடமே ஒரு முறை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு வரன் பார்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். ஊர் பூராவும் பெண், மாப்பிள்ளை படங்களைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு இங்கிருந்து அங்கே அனுப்புகிறவர். அவர் சொல்லித் தங்கை மகளைப் படக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்தார்கள். கடைக்காரர் அவளை வெளுவெளுவென்று வெளுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நானும் இருந்தேன், அடுப்படிப் பக்கமாக. தங்கை மகள் தட்டில் தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு அவளிடமே சொன்னார்.

"சரிம்மா, நீ வெச்சிட்டுப் போ. பொண்ண வரச் சொல்லு."

தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இவள்தான் பெண் என்று யார் சொன்னார்கள் என்று எனக்கு இப்போது நினைவில்லை. அந்த அம்மா கைத்தொலைபேசியைத் திறந்து படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அவருக்கே சங்கடமாகிவிட்டது. தேயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தங்கை மகள் அழவில்லை. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள், இனிமேல் என் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் வரட்டும், இல்லையென்றால் ஒருவரும் வர வேண்டாம், இத்தோடு விட்டுவிடலாம் என்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வரன் ஒன்று பாசிர் கூடாங்கிலிருந்து வந்திருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அவரும் நாற்பதை எட்டியவர். அந்த வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும். இதுதான் கடைசி என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் வாயில் ஒரு முறை வந்தால் வந்ததுதான், மாறாது.

பிறகு என்னிடம் வந்தாள். "பெரியம்மா, நீங்க எடுங்க. நீங்கதான் யாரையும் அழகா எடுக்க மாட்டீங்க."

எனக்கு அதைக் கேட்டு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். விளையாட்டாகத் துணியையும் சாக்கடையையும் எடுத்துக்கொண்டிருந்தவளிடம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

முதல் தொல்லை கைத்தொலைபேசி. அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்தேன். பார்த்தால் வெளுத்திருக்கிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை. அதுவாகவே வெளுத்துக்கொள்கிறது. மூக்கோரத்தில் பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சத்தைக்கூடத் துடைத்து எடுத்துவிட்டிருந்தது. முகம் இருந்தால் போதும், அழகாக்கிவிட வேண்டும் என்று உள்ளே எழுதி வைத்திருக்கிறார்களாம். யார் கேட்டார்கள்? அவளே அதை வாங்கி எதை எதையோ தட்டித் தேடி அந்த விசையை அணைத்தாள். மறுநாள் திறந்தால் பழையபடி வெளுக்கிறது. மறுபடி அணைத்தோம். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் போவது போல, அது மறுபடி விழிப்பதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தொல்லை என் தங்கை. நான் எடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் மகளுக்குப் பட்டுச்சேலை கட்டி, பவுடர் அப்பி, பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பவுடரைத் துடை என்று நான் சொன்னால் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, நான் திரும்புவதற்குள் இன்னும் கொஞ்சம் பூசுவாள். மூன்றாவது தொல்லை தங்கை மகளேதான். வீம்பாகக் கேட்டாளே தவிர, எடுக்கப் போனால் ஐ.சி. அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பது போல நிற்கிறாள். கை இரண்டும் ஒட்டி, கண் இரண்டும் விறைத்து. கொஞ்சம் சாயேன் என்றால் சாய்ந்துகொண்டு விறைக்கிறாள். பேசிக்கொண்டிரு என்றால் என்ன பேசுவது என்று கேட்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மெத்தையைத் தூக்கிப் படங்களையெல்லாம் பரப்பி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்று உறைத்தது. இதில் ஒருவரையும் யாரும் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அவரவர் தன் வேலையில் இருக்கிறார்கள். எடுத்தவர்தான் கிளம்பி அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். நான் அவளை ஜன்னலுக்கும் பூச்சாடிக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் இருக்கிற இடம் எது? பாதி நாள் அவள் கம்பெனியில் இருக்கிறாள், அங்கே நான் போக முடியாது. மற்ற நேரம் தூங்குகிறாள். மிச்சம் இருப்பது ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்.

காலை ஷிஃப்டுக்கு பஸ் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடும். இருட்டில் என் கைத்தொலைபேசியில் வாசல் கேட்டுக் கம்பியும் தெரியாது, கருத்த முகமும் தெரியாது. இருந்தாலும் சில நாள் போய் அவள் வீட்டு வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். அவளிடம் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். எடுத்தால் எடுப்பேன், நீ கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டுத்தான் நின்றேன். முதல் நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறந்துவிட்டாள். பஸ் வரும், ஏறிப் போய்விடுவாள், நான் ஒன்றும் எடுக்காமல் வீட்டுக்கு வருவேன். தெருவில் நடைப்பயிற்சி போகிறவர்கள் எனக்கும் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார்கள்.

ஒரு நாள் பஸ் வரவில்லை. கிழக்கு வெளுத்தது, வரவில்லை. வெயில் வந்தது, வரவில்லை. செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வெயில் சரிவாக வந்து அந்த வரிசை வீடுகளின் கேட்டுகளில் விழுந்தது. அவள் யூனிஃபார்மில் கேட்டுத் தூணில் சாய்ந்து, சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம். கழுத்து நரம்பு தெரிந்தது. மச்சம் தெரிந்தது. கருப்பு கருப்பாகவே இருந்தது, மழையில் நனைந்த கல் போல. எடுத்துவிட்டேன். அப்புறம்தான் பஸ் வந்தது. அவள் டிரைவரை ஏதோ திட்டிக்கொண்டே ஏறினாள்.

நான் எத்தனையோ எடுத்திருக்கிறேன். அது ஒன்றுதான் படம். எங்கோ இருக்கிற ஒரு பேப்பரில் போட்டால்கூட யாராவது கிழித்து மடித்து வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் இப்படித்தான் இருக்கேனா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி, இதையே அனுப்புங்கள் என்றாள்.

தங்கை அன்றைக்கு என்னைப் பேசாத பேச்சில்லை. வேலைக்காரி மாதிரி இருக்கிறாள், சிடுசிடு என்று இருக்கிறாள், உன் மகளாக இருந்தால் இப்படி எடுப்பாயா என்றாள். கடைசிப் பேச்சு எனக்குச் சுருக்கென்று குத்தியது. "அக்கா, இத அனுப்புனா எவன் வருவான்?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மகள் அம்மாவின் எதிரிலேயே அதை வரன் பார்க்கிற அம்மாவுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது. "என்ன கண்ணு இது, ஸ்ட்ரைக்ல எடுத்ததா?" என்று கேட்டுவிட்டு, சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தப் பார்த்துக்கொள்கிறேனில் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

பாசிர் கூடாங்கிலிருந்து பதில் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று. தங்கை நம்பவே இல்லை. அந்த வாரம் பூராவும் வீட்டில் தங்கை மகள் ரேடியோவோடு சேர்ந்து பாடுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைப் பார்த்து ஒரு வீடு வருகிறது, வெளுக்காத முகத்தைப் பார்த்து. உலகம் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் படத்தையும் வரன் பார்க்கிற அம்மா அனுப்பியிருந்தார். சந்தனம் பூசியது போல நல்ல நிறமாக, வழவழவென்று இருந்தார். கிரேன் ஓட்டுகிறவருக்கு வெயிலே படாது போல என்று தங்கை சந்தோஷப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. வரன் பார்க்கிற அம்மா முதலில் இறங்கினார், பின்னால் வயதான ஓர் அம்மா, அப்புறம் உயரமாக, நல்ல கருப்பாக ஒருவர், கையில் பழத்தட்டோடு. தங்கை கேட்டைத் திறந்து எல்லாரையும் கும்பிட்டாள். பழத்தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வேற கார்ல வர்றாரா தம்பி?"

"நான்தாங்க" என்றார் அவர்.

தங்கை பழத்தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அதற்குள் அவருடைய அம்மா உள்ளே வந்து, கூடத்தில் நின்றுகொண்டிருந்த என் தங்கை மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் கைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். அதே பார்வை. படம், முகம், படம்.

நான் போய் எட்டிப் பார்த்தேன். நான் எடுத்த படம்தான், ஆனால் இல்லை. கேட்டு இருந்தது, பை இருந்தது, முகம் மட்டும் ரோஸ் நிறத்தில் யாரோ ஒருத்தியினுடையது. மச்சம் போய்விட்டது. கன்னத்து வெளிச்சம் முகம் பூராவும் பரவிவிட்டது. உதட்டைக்கூடக் கொஞ்சம் சிரிக்கவைத்திருந்தார்கள். தங்கையும் தன் கைத்தொலைபேசியைத் திறந்தாள். சந்தன நிற மாப்பிள்ளை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வைத்துவிட்டு எல்லாரும் வரன் பார்க்கிற அம்மாவைப் பார்த்தார்கள்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எல்லாருக்கும் செய்றதுதானேம்மா. ஒரு வீட்டுக்குச் செஞ்சி ஒரு வீட்டுக்குச் செய்யாம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். யாரிடமும் இதற்கென்று தனியாக எதுவும் வாங்குவதில்லை என்றும் சொன்னார்.

அலமாக், அட கடவுளே என்று மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தங்கை மகள் திரும்பி உள்ளே போக ஆரம்பித்தாள். அவள் முதுகைப் பார்த்தேன். இப்போது உள்ளே போனால் அவள் இதற்காக இனி வெளியே வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. என் கைத்தொலைபேசியைத் திறந்து நேராக அந்தக் கிரேன்காரரிடம் நீட்டினேன்.

"இதுதான் நான் எடுத்தது. இத வெளுக்கல. பாத்துட்டு, போறதுன்னா போங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். தங்கை மகள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள், திரும்பவில்லை. அந்த முகத்தைப் பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"பஸ் லேட்டா?"

அவள் திரும்பினாள்.

"காலை ஷிஃப்ட் யூனிஃபார்ம், சாப்பாட்டுப் பை. ஆனா வெயில் மூஞ்சில அடிக்குது. இந்நேரம் உள்ளே கார்டு அடிச்சிருக்கணுமே" என்றார்.

"டிரைவர் போனையே எடுக்கல. அன்னிக்கு என் லைனே நின்னு போச்சு" என்றாள் இவள்.

தங்கள் பஸ்ஸும் அப்படித்தான் என்றார் அவர். மழை பெய்தால் வரவே வராது என்றார். பிறகு இரண்டு பேரும் டிரைவர்களைப் பற்றி, தாமதமாக வந்தால் யார் தலையில் விழும் என்பதைப் பற்றி, நாங்கள் இத்தனை பேர் அங்கே நிற்கிறோம் என்பதையே மறந்து பேசிக்கொண்டார்கள். அவருடைய அம்மா, பெண் பார்க்க வந்த இடத்தில் இது என்ன பேச்சு என்று முணுமுணுத்துவிட்டு, தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கை தே கலக்கப் போனாள்.

எனக்கு ஒரு பக்கம் எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒரு ராணியைப் போல எடுத்து வைத்திருக்கிறேன், இந்த மனிதர் அதில் பஸ்ஸைப் பார்க்கிறாரே என்று. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் தப்பேதும் இல்லை. படத்தில் இருந்தது அதுதான். பஸ் வராத கோபத்தோடு, வேலைக்குப் போக நிற்கிற ஒருத்தி. இடுப்பில் பேசின் வைத்திருந்த அந்த வெளிநாட்டுப் பெண்ணையே நான் நினைத்துக்கொண்டு எடுத்தேன். அவர் மட்டும்தான் என் தங்கை மகளைப் பார்த்தார்.

போகும்போது தங்கை மகள் அவரிடம், உங்களுடைய வெளுக்காத படம் ஒன்று அனுப்புங்கள் என்றாள். தன்னிடம் இல்லை, கிரேன் மேல் ஏறிவிட்டால் யார் எடுப்பார்கள் என்றார் அவர். அப்படியானால் நேரில்தான் வந்து பார்க்க வேண்டும் என்றாள். என் தங்கைக்கு வெட்கம் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது பதிவுத் திருமணம் முடிந்து, கோயில் கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்திருக்கிறார்கள். மண்டப வாசலில் வைக்கிற பெரிய படத்துக்காக என் தங்கை தினமும் என்னோடு சண்டை. ஒரே ஒரு சொட்டு வெளுத்தால் போதும், சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று கெஞ்சுகிறாள். மகள் முடியாது என்றுவிட்டாள். மச்சம் இல்லாமல் படம் வந்தால் அன்றைக்குத் தானும் மண்டபத்துக்கு வர மாட்டேன் என்று படக்கடைக்காரரிடம் அவளே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளையும் கூட நின்று தலையாட்டினாராம்.

இதைத் தட்டெழுதுகிறவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். பஸ் வராத நாள் தைப்பூசத்துக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. கைத்தொலைபேசியில் வெளுக்கிற அந்த விசைக்கு என்ன பெயர் என்றும் தெரியவில்லை. அவர் ஓட்டுவது கப்பலில் ஏற்றுகிற கிரேனா, கரையில் அடுக்குகிற கிரேனா என்றும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கை மகளிடம் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். அவள் காலை ஷிஃப்டில் இருந்தால் மத்தியானத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். தப்பு இருந்தால் அவளே திருத்தட்டும்.